மையத்திலிருந்து மையத்துக்கு

பழைய பலகைகளைப் பெயர்க்க அரை நாளாகும் என்றாள் ஒதெத்.
இரண்டே மணி நேரம்.
துரு தின்ற ஆணித் தலைகள்
கடப்பாரை தொட்டதும் கழன்று உருண்டன.

மெட்டேகன் துறையில் வற்றம்.
படகுகள் சுவருக்குக் கீழே போய்விட்டன,
கம்பங்களின் நுனி மட்டும் தெரிகிறது.
அதில் அல்சீதின் படகு இல்லை.
சிப்பி வாரப் போனவன் திரும்ப இன்னும் ஒன்பது நாள்.
எனக்குக் கணவன். ஒதெத்துக்கு முன்னாள்.
இந்தக் கரையில் டெக் போடத் தெரிந்தவர் மூன்று பேர்.
ஒருவருக்கு முதுகு பிடித்திருக்கிறது,
ஒருவர் செப்டம்பர் என்கிறார்.

பத்தடிக்கு எட்டடி.
இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும்.

புதுப் பலகையை மோந்து பார்த்தேன்,
மரத்தின் வாசம் இல்லை. வேறு எந்த வாசமும் இல்லை.
"பாதி மரத்தூள், பாதி பிளாஸ்டிக்.
நீ வீசிய பால் பைகளும் இதில் இருக்கலாம்" என்றாள்,
"நான் வீசியவையும்."
தூக்கினால் நடுவில் தொங்குகிறது,
தூங்கிப்போன பிள்ளையைத் தூக்குவதுபோல
ஆளுக்கொரு முனை.

"இது வளையும் சாதி. அடியில் சட்டம் நெருங்கி இருக்கணும்.
மையத்திலிருந்து மையத்துக்குப் பதினாறு அங்குலம்.
அதற்கு மேல் போனால் இரண்டு வருஷத்தில் தொட்டில்தான்."
அளவு நாடாவை இழுத்தாள்.
பதினாறு.
அடுத்தது. பதினாறு.
கடைசி வரைக்கும் பார்க்காமல்
நாடாவைச் சுருளவிட்டாள், டப்பென்று.

ஐந்தாம் சட்டத்தின் மேல்,
பலகை மூடி மழை படாத அகலத்தில்,
தச்சுப் பென்சிலில் பிரெஞ்சு எழுத்து:
*இருபத்துநான்கு போதுமாம். அ. சொல்கிறான்.*
அதற்குக் கீழே ஒரு கோடு,
பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி.

நான் சிரித்திருக்கக் கூடாது.
அவனுக்கு எதிலும் இருபத்துநான்கு போதும்.
பிறகு அவளும் சிரித்தாள்,
மூக்கால், ஒரு முறை.

கறுப்பு நாடா ஒட்ட வேண்டும், சட்டத்தில் நீர் இறங்காமல்.
சுருளை நான் பிடித்தேன், அவள் தேய்த்துக்கொண்டே வந்தாள்.
ஐந்தாவதில் ஒட்டட்டுமா என்று அவள் கேட்கவில்லை.
வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.
எழுத்து மேல் கட்டைவிரலை இரண்டு முறை ஓட்டினாள்,
காற்றுக் குமிழி போக.

சுவரோரம் கால் அங்குலம் விடச் சொன்னாள்.
வெயிலில் நீளும், பனியில் குறுகும்,
ஒட்டி வைத்தால் சுவரை முட்டும்.
கிளிப், ஸ்க்ரூ, தட்டு. கிளிப், ஸ்க்ரூ, தட்டு.
ட்ரில் இரண்டு முறை சூடாகி நின்றது.
அந்த நேரத்தில் என் காப்பியைக் குடித்தாள்,
சர்க்கரை அதிகம் என்றாள்.
ரம்பத்திலிருந்து பறந்த தூள்
காற்றில் போகாமல் சட்டையில் ஒட்டிக்கொண்டது,
உதறினால் இன்னும் ஒட்டியது.

பதினேழாவது பலகையை நீளவாக்கில் கிழிக்க வேண்டியிருந்தது.
அதற்கு மட்டும் மேலிருந்து ஸ்க்ரூ,
தலை தெரியாமல் அதே நிறத்தில் குட்டித் தக்கை.
தக்கைகளை என்னிடம் கொடுத்துச் சுத்தியலையும் கொடுத்தாள்.
மூன்று கோணலாக இறங்கின.
பார்த்தாள். விட்டுவிட்டாள்.

சீட்டில் ஏழு மணி நேரம் எழுதியிருந்தது.
ஒன்பது என்றேன்.
"சட்டம் ஏற்கெனவே போட்டதுதானே" என்று
வண்டியை எடுத்தாள்.
மிச்சமான ஒன்றரை அடித் துண்டைக் கேட்டு வாங்கிப் போனாள்,
பூனை ஏறப் படி வேண்டுமாம்.

சாயங்காலம் வெறுங்காலோடு நடந்தேன்.
பகல் சூடு இன்னும் பாதத்தைச் சுட்டது.
நடுவில் நின்று ஒரு முறை குதித்தேன்.
அசையவில்லை.

திரும்பி வந்ததும் அல்சீத் இதில் நின்று
குதிகாலால் தட்டிப் பார்த்து
நல்ல பலகை என்பான்.
ஆமாம் என்பேன்.